வைடூரியம் எண்டா எந்தக் கல்லு? பூனைக்கண்ணா, பெரிலா?

தெஹிவளை_சுதன்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கேது திசை தொடங்கியிட்டுது, வைடூரியம் போடச் சொல்லி சாத்திரியார் சொல்லிப்போட்டார். கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையில கேட்டதுக்குத் தேன் நிறத்தில ஒரு கல்லைக் காட்டினவை. நடுவில வெள்ளைக் கோடு ஒண்டு அங்கால இங்கால ஓடுது. பரிசோதனைக் கடதாசியில "கிரைசோபெரில் பூனைக்கண்" எண்டு போட்டிருக்கு.

பெரியப்பா கம்பஸில சமஸ்கிருதம் படிச்சவர். கடதாசியைப் பாத்த உடன, "வைடூரியம் எண்டா பெரில். இது பெரில் இல்லை, வேற கல்லு" எண்டு ஒரே பிடியா நிக்கிறார். நான் இணையத்தில தேடப் போனா இன்னும் குழப்பம். திபெத்தில வைடூரியம் எண்டா கடும் நீலக் கல்லாம், சீனாவில கண்ணாடியாம். ஒரு பேருக்கு இத்தினை கல்லோ? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

மட்டுறுத்துநர்
இழை திறந்தே இருக்கட்டும். விலை விசாரிப்பதும் விற்பனையும் இங்கே வேண்டாம்.

பேருவளை_நானா
தம்பி சுதன், மொதல்ல மனச ஆறுதலா வெச்சிக்கோங்க. ஒங்களுக்குக் காட்டினது சரியான கல்லுதான். இலங்கையில வைடூரியம் எண்டு செல்றது கிரைசோபெரில் பூனைக்கண்ணத்தான். சிங்கள ஆக்கள் "வைரோடி" எண்டு செல்ற. ரெண்டும் ஒரே பேரு, வாய்க்கு வாய் மாறி ஈக்கி, அவ்வளவுதான்.

பெரில் எண்டது வேற சாமான். கடல் நீலத்தில வார அக்வாமரீன், பச்சையில வார மரகதம், ரெண்டும் பெரில்தான். அக்வாமரீன் நம்ம மண்ணுலயும் கொஞ்சம் வரும், நெறம் மிச்சம் வெளிறி ஈக்கும். கையில தூக்கினாலே வித்தியாசம் தெரியும். கிரைசோபெரில் அடர்த்தி 3.7 அளவு, பெரில் 2.7 அளவுதான். கடினத்துல பெரில் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவுல, கிரைசோபெரில் எட்டரை. மாணிக்கமும் நீலமும் ஒன்பது, அதுக்கு அடுத்த வரிசையில இத வெக்கலாம்.

கோடு எப்பிடி வருது எண்டா, கல்லுக்குள்ள ஊசி மாதிரி மெல்லிசான இழைகள் ஒரே திசையில நெருக்கமாப் படுத்து ஈக்கும். கல்ல பட்டை பட்டையா வெட்டாம மேல மேடா, வழுவழுப்பா தேய்ச்சா, வெளிச்சம் அந்த இழைகளுக்குக் குறுக்கால ஒரே கோடாக் கூடி நிக்கும். தேய்க்கிற ஆள் கல்ல வெக்கிற கோணம் பிழைச்சா கோடு சரிஞ்சி போகும், கல்லுட மதிப்பும் போகும். நல்ல கல்லுக்குப் பக்கத்தால டோர்ச் அடிச்சுப் பாருங்க, ஒரு பாதி பால் மாதிரியும் மத்தப் பாதி தேன் மாதிரியும் தெரியும்.

பெரியப்பாட கதைக்கு ஏட்டுப்பூச்சி ஐயா வரட்டும். அது என்ட வேலையில்ல.

கொட்டாஞ்சேனை_ரவி
நானா, உங்கட ஊர்ப் பேரிலயே விடை கிடக்கு. பேருவளை – பெருவல – பெரில்! அரபுக்காரரும் கிரேக்கரும் பேருவளைக்கு வந்து கல்லு வாங்கினவை, ஊர்ப் பேரையே கல்லுக்கு வைச்சிட்டுப் போனவை. இதை ஏன் ஒருத்தரும் எழுதுறேல்லை?

பேருவளை_நானா
ரவி மகன், எனக்கும் ஆசைதான். ஆனா எங்கட ஊருக்குக் கப்பல் பாய் எறக்கின எடம் எண்டுதான் பேருக்குக் காரணம் செல்றாங்க. எங்கட ஊர் கல்லுச் சந்தை சைனா ஃபோர்ட்ல போய்க் கேட்டுப் பாருங்க, மேசை முழுக்க நீலமும் புஷ்பராகமும் வைரோடியும். பெரில் வாங்கவா அங்க கப்பல் வரும்?

ஏட்டுப்பூச்சி
சுதன், உங்கள் பெரியப்பா சொல்வது சரி. நானா சொல்வதும் சரி. இடையில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வருடம் கிடக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய சான்றுகளில் இந்தச் சொல் குறிப்பது தெளிந்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு கல்லை. பாளியில் அதன் வடிவம் "வெளுரிய". பாளிப் பௌத்த நூல் தொகுப்பான தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் என்ற உரையில் ஓர் உவமை வருகிறது: நல்ல சாதி வெளுரிய மணி, எட்டுப் பட்டை தீட்டியது, மாசில்லாதது. அதில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று ஏதாவதொரு நூல் கோத்திருக்கிறது. கண்ணுள்ளவன் கையில் எடுத்துப் பார்த்தால் "இது மணி, இது அதனுள் ஓடும் நூல்" என்று பிரித்துச் சொல்லிவிடுவான். உடலுக்குள் அறிவு இருப்பதை விளக்கச் சொன்னது. நமக்கு வேண்டியது அந்த நூல்தான். உள்ளே ஓடும் நூலின் நிறம்கூடத் தெரிகிற கல் பூனைக்கண்ணாக இருக்க முடியாது. பூனைக்கண்ணில் துளையிட்டு நூல் கோத்தால் நூல் மறைந்துவிடும். அங்கே சொல்லப்படுவது பெரில் மணி.

பிராகிருதத்தில் "வேருலிய" என்ற வடிவமும் உண்டு. அதுதான் மேற்கே போய்க் கிரேக்கத்தில் "பெரிலோஸ்" ஆனது. லத்தீனில் "பெரிலுஸ்", ஆங்கிலத்தில் "பெரில்". ரவி, பேருவளையைத் தேட வேண்டியதில்லை. இந்தச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணி எதுவும் இல்லை.

முதலாம் நூற்றாண்டில் எழுதிய ரோமர் பிளினி தன் 37ஆம் புத்தகத்தில், பெரில் இந்தியாவில் கிடைப்பது, வேறிடங்களில் அரிது என்கிறார். இந்தியர் பளிங்குக்கு, அதாவது நிறமற்ற குவார்ட்ஸுக்கு, சாயமேற்றிப் போலி மணி செய்வார்கள், குறிப்பாகப் பெரிலை, என்றும் ஒரு குட்டு வைக்கிறார்.

பேருவளை_நானா
ரெண்டாயிரம் வருசத்துக்கு மொதல்லயே சாயம் போட்டிருக்காங்க! இனி ஒருத்தரும் தாய்லாந்துக்காரன மட்டும் ஏசாதீங்க.

கொட்டாஞ்சேனை_ரவி
சரி, பேருவளையை விட்டிட்டன். ஆனா "வைடூரியம்" தமிழ்ச் சொல்லு எண்டதை விடமாட்டன். வெள் + ஊர். வேலூர். கல்லு கிடைச்சது எங்கட நாட்டில, பேரும் எங்கட பேர்.

ஏட்டுப்பூச்சி
ரவி, இதில் உங்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சொல்லுக்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்று மொழியறிஞர் பலர் கருதியிருக்கிறார்கள். காரணம், கல் வந்த இடம். பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி தன் புவியியலில் "பௌன்னாட்டா, அங்கே பெரில் உண்டு" என்று எழுதியிருக்கிறார். மைசூர்ப் பக்கத்துப் புன்னாடு அது என்பார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் கிடைத்தது, 19ஆம் நூற்றாண்டிலும் வெட்டி எடுத்தார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது பெரில், பளிங்கு, நீலக்கல் என்று மணி செய்த பட்டறைக் கழிவே கிடைத்தது. "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பதிற்றுப்பத்தில் வருவது இந்த ஊர்தான். ஆகவே கல் கொங்கிலிருந்து போனது என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஆனால் வெள் + ஊர் என்று பிரித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. இதே கேள்வியை நமக்கு முன்னமே ஒருவர் எடுத்துக் குடைந்திருக்கிறார். வடமொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினி ஒரு சூத்திரத்தில், "விதூர" என்ற இடத்திலிருந்து வருவதால் வைதூரியம் என்கிறார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி அதற்கு உரை எழுதும்போது மறுத்துப் பேசுகிறார்: "கல் விளைவது வாலவாய மலையில். விதூரத்தில் அதைத் தீட்டுகிறார்கள், அவ்வளவே. பின்னே எப்படி விதூரத்தில் பிறந்தது என்பது?" பிறகு தானே ஒரு சமாதானமும் சொல்கிறார்: வாராணசியை வணிகர் "ஜித்வரி" என்று தங்களுக்குள் அழைப்பதுபோல, வாலவாய மலையை இலக்கணக்காரர் விதூரம் என்று அழைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தோண்டும் ஊர் ஒன்று, தீட்டும் ஊர் ஒன்று, கல் தீட்டிய ஊரின் பேரோடு சந்தைக்குப் போகிறது. இன்றைக்கும் கல் வியாபாரத்தில் அதுதானே நடக்கிறது?

பேருவளை_நானா
அதேதான் ஐயா. மொறவக்கப் பக்கத்துலயும் தெனியாயப் பக்கத்துலயும் தோண்டுற வைரோடி எங்கட கைக்கு வரும். வெளிநாட்டுக்காரன் "பேருவளைக் கல்லு" எண்டு செல்லிட்டுப் போவான்.

கொம்பனித்தெரு_வாசி
நான் மலாய்க் குடும்பம். எங்கட மொழியில பளிங்கை "ஹப்லூர்" என்பார்கள், அரபிலிருந்து வந்தது. அரபில "பல்லூர்". இதுக்கும் வெளுரியவுக்கும் தொடர்பு இருக்கா?

ஏட்டுப்பூச்சி
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அரபு "பல்லூர்", பாரசீக "புலூர்", ஹிந்தி "பில்லௌர்" எல்லாம் பளிங்கு. பெரிலோஸ் அல்லது அதன் இந்திய மூலம் அந்தப் பக்கமாகத் திரும்பிய வடிவம் என்றே பெரும்பாலானோர் பார்க்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் குவளையை "பிலௌரி" என்பார்கள். விலையுயர்ந்த கல் அங்கே தேநீர்க்கடைக் குவளை வரைக்கும் இறங்கிவிட்டது.

சீனாவுக்குப் பௌத்தத்தோடு போன வெளுரிய "லியூலி" ஆனது. முதலில் நீல மணி, பிறகு நிறக் கண்ணாடி, பிறகு பளபளப்பு ஏற்றிய ஓடு. அரண்மனைக் கூரைகளில் மஞ்சளாக மின்னுகிறதே, அந்த ஓட்டுக்கும் அதே பேர். ஜப்பானில் "ரூரி" என்றால் கடும் நீல லாபிஸ் லாசுலி. திபெத்தில் மருத்துவப் புத்தரின் பேரிலேயே வைடூரிய ஒளி இருக்கிறது, ஓவியத்தில் அவரைக் கருநீலமாகத் தீட்டுவார்கள். சுதன் இணையத்தில் பார்த்தது அதுதான். அந்த நாடுகளுக்குப் பேர் போய்ச் சேர்ந்தது, கொங்குநாட்டுப் பெரில் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. கையில் கிடைத்த அழகான நீலத்துக்குப் பேரைக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெர்மன் கதை இன்னும் விசேஷம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி வருகிறது. தெளிந்த கல்லைத் தீட்டி எழுத்தின் மேல் வைத்துப் படிக்கும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது, அந்தக் கல்லுக்குப் பெரில் என்று பேர். இன்றைக்கும் ஜெர்மனில் மூக்குக் கண்ணாடி "பிரில்ல". ஒல்லாந்தர் "பிரில்" என்பார்கள். கொழும்புக் கோட்டையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கணக்கெழுதிய ஒல்லாந்து எழுத்தர்களில் கண் மங்கியவர்கள், வைடூரியத்தின் பேரை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் கறுவாக் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

நிரஞ்சனா_ரீச்சர்
இரசாயனம் படிப்பிக்கிற ஆள் எண்ட முறையில ஒரு வார்த்தை. ஒருத்தரும் ஆவர்த்தன அட்டவணையைச் சொல்லேல்லை!

1798இல பிரான்சில வோக்லாங் பெரிலையும் மரகதத்தையும் பகுத்துப் பாத்து, இரண்டிலயும் ஒரே புது மூலகம் இருக்கு எண்டு கண்டுபிடிச்சார். அதின்ர உப்புகள் இனிச்சதால பிரான்சில "குளூசினியம்" எண்டு கூப்பிட்டவை. (நாக்கில வைச்சுப் பாத்திருக்கினம், அது நஞ்சு. பிள்ளையள், ஒருநாளும் செய்யக்கூடாது.) 1828இல வோலரும் புஸ்ஸியும் தனித்தனியாப் பிரிச்செடுத்தினம். குளூசினியம், பெரிலியம் எண்ட இரண்டு பெயரும் கனகாலம் பழக்கத்தில இருந்து, 20ஆம் நூற்றாண்டின்ர நடுவிலதான் "பெரிலியம்" எண்டு சர்வதேச அளவில முடிவாச்சுது. அணுவெண் 4. எங்கட வைடூரியம்தான் அங்க நாலாவது கட்டத்தில குந்தியிருக்கு.

2021 டிசம்பரில விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின்ர பெரிய ஆடி 18 துண்டு. அது எல்லாம் பெரிலியத்தில செய்து மேல தங்கம் பூசினது.

இன்னொண்டு. சுதன்ர பெரியப்பாவுக்கு இதைக் காட்டுங்கோ. பெரில் ஒரு பெரிலியம் அலுமினியம் சிலிக்கேற்று. கிரைசோபெரில் பெரிலியம் அலுமினியம் ஒக்சைட்டு. இரண்டும் வேற கனியம்தான், சந்தேகமில்லை. ஆனா பெரிலியம் இரண்டிலயும் இருக்கு. கிரேக்கத்தில "கிரைசோஸ்" எண்டா பொன். பொன் நிறப் பெரில் எண்ட கருத்தில கிரைசோபெரில் எண்டு பேர் வைச்சது 18ஆம் நூற்றாண்டின்ர கடைசியில. அப்ப பெரிலியத்தை ஒருத்தரும் கண்டிருக்கேல்லை. நிறத்தைப் பாத்து வைச்ச பேர், உள்ளுக்குள்ளயும் பொருந்திப் போச்சுது.

சோதிடப்பித்தன்
இவ்வளவு வாசிச்சும் எனக்கு ஒண்டுதான் விளங்குது. நீங்கள் எல்லாரும் சேந்து எங்கட சாத்திரம் பிழை எண்டு சொல்லுறீங்கள். ஆதியில பெரில் எண்டா, கேதுவுக்கு இவ்வளவு காலமும் போட்டது என்ன?

ஏட்டுப்பூச்சி
ஐயா, அப்படி ஒருவரும் சொல்லவில்லை. நவரத்தின வரிசையில் கேதுவுக்கு வைத்திருப்பது பூனைக்கண்தான் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரசரத்தினசமுச்சயம் என்ற இடைக்கால வடமொழி இரசவாத நூல் நல்ல வைடூரியத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, கருமையும் வெண்மையுமான சாயல், கனம், இவற்றோடு "உள்ளே சுழலும் வெண்ணிற மேலாடை" இருக்க வேண்டும் என்கிறது. சுழலும் வெள்ளைச் சால்வை! நானா சொன்ன கோட்டை இதைவிட அழகாக யார் சொல்லமுடியும்? அந்த நூல் எழுதிய ஆள் கையில் வைத்திருந்தது பெரில் அல்ல, பூனைக்கண். ஹிந்திக்காரர் இதே கல்லை "லஹ்சுனியா" என்பார்கள், உள்ளிப் பூண்டு நிறம் என்று.

எப்போது மாறியது என்று ஒரு வருடத்தைக் குறித்துக் காட்ட முடியாது. ஆனால் தமிழில் ஒரு தடயம் உண்டு. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மணி வீதியைப் பார்க்கிறான். மாணிக்கத்தின் நாலு சாதியைச் சொன்ன பிறகு,

"தீதறு கதிரொளித் தெண்மட் டுருவவும்"

என்று வருகிறது. மட்டு என்றால் தேன். குற்றமற்ற கதிரொளியும் தெளிந்த தேன் நிறமும் உள்ள கல். உரைகாரர் இதற்கு வைடூரியம் என்று பொருள் கொள்கிறார்கள். பாளி நூலில் கண்ட நிறமற்ற தெளிவு இங்கே இல்லை. தேன் நிறம் வந்துவிட்டது. மஞ்சள் பெரிலும் உண்டு என்பதால் இளங்கோ பூனைக்கண்ணைத்தான் பார்த்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செட்டியார் தெருவில் அம்மாவுக்குக் காட்டிய கல்லின் நிறத்தோடு இந்த வரி நன்றாகவே ஒத்துப்போகிறது.

அடுத்த வரிகளையும் கவனியுங்கள். இந்த மணிகளை எல்லாம் சேர்த்து "ஒருமைத் தோற்றத்து ஐவேறு வனப்பின்" என்கிறார். பிறப்பு ஒன்று, அழகு ஐந்து. ரீச்சர் சிரிப்பார், ஐந்தும் ஒரே கனியம் அல்ல. ஆனாலும் மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனியம் என்பது இன்றைய அறிவியல். அந்த அளவுக்கு வணிகர் கண் கூர்மையாக இருந்திருக்கிறது.

நிரஞ்சனா_ரீச்சர்
சிரிக்கேல்லை. குருந்தத்தையே "கொரண்டம்" எண்டு உலகம் முழுக்கச் சொல்லுது. அது எங்கட பக்கத்துச் சொல்லு எண்டு வகுப்பில சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்.

சோதிடப்பித்தன்
வெண்ணிற மேலாடை எண்டது நல்லாயிருக்கு. இதை எழுதி வைக்கிறன்.

கொட்டாஞ்சேனை_ரவி
அப்ப மரகதம்? அதாவது எங்கட சொல்லோ?

ஏட்டுப்பூச்சி
அது நேரெதிர்த் திசை, ரவி. கிரேக்க "ஸ்மரக்தோஸ்" இந்தப் பக்கம் வந்து வடமொழியில் மரகதம் ஆனது என்பதே பலரின் முடிவு. கிரேக்கச் சொல்லுக்கும் பின்னால் செமித்திய மொழிகளின் மின்னல் என்ற வேர் இருப்பதாகச் சொல்வார்கள். அரபில் "ஸுமுர்ருத்", ஆங்கிலத்தில் "எமரால்ட்", இரண்டும் அந்தக் குடும்பம். பழங்காலத்தில் மேற்கு உலகுக்கு மரகதம் எகிப்தின் செங்கடல் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கிடைத்தது, அதனால் பேரும் அங்கிருந்து வந்தது.

இத்தனைக்கும் மரகதம் ஒரு பெரில். பச்சைப் பெரிலின் பேர் மேற்கிலிருந்து நமக்கு வந்தது. வெளிறிய பெரிலின் பேர் நம்மிடமிருந்து மேற்கே போனது. இரண்டும் ஒரே கல் என்று வோக்லாங்குக்கு முந்திய வணிகர் எவருக்கும் கணக்கில் வந்ததில்லை. நிறத்துக்கு ஒரு பேர், விலைக்கு ஒரு பேர். கல் வணிகம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது.

தெஹிவளை_சுதன்
எல்லாருக்கும் பெரிய நன்றி. பெரியப்பாவுக்கு இழையை முழுக்க வாசிச்சுக் காட்டினன். சாமஞ்ஞபல சுத்தத்தில நூல் வாற இடத்தில "பாத்தியா, நான் சொன்னன்" எண்டார். இரசரத்தினசமுச்சயத்தில ஒண்டும் பேசேல்லை. இப்ப நிலைப்பாடு இதுதான்: சொல்லு பெரில், மோதிரம் பூனைக்கண், அம்மா போடலாம். பாணினியை மட்டும் குறை சொல்லக்கூடாதாம்.

நானா, கடைசியா ஒரு கேள்வி. கடதாசியில வேற என்ன பாக்கவேணும்?

பேருவளை_நானா
"பூனைக்கண்" எண்டு மட்டும் எழுதி ஈந்தா போதாது தம்பி. குவார்ட்ஸ்லயும் கோடு வரும், அதுட அடர்த்தி 2.65 தான், வெலையும் எங்கயோ கீழ. கண்ணாடி நார்ல செஞ்சதும் சந்தையில ஈக்கி, அதுல கோடு மிச்சம் அழகா, ஓவரா நேரா நிக்கும். கடதாசியில கனியத்துட பேரு "கிரைசோபெரில்" எண்டு இருக்கோணும், ஒளிமுறிவுக் குணகம் (வெளிச்சம் கல்லுக்குள்ள வளையிற அளவு) 1.74, 1.75 பக்கம் இருக்கோணும், கல்லுட பாரத்த கரட்ல போட்டு ஈக்கோணும். பிறகு கல்ல கடையில ஒங்கட கண்ணுக்கு முன்னால நிறுத்து, அதே பாரம் வருதா எண்டு பாருங்க. கடதாசி ஒரு கல்லுக்கு, கையில தாரது வேற கல்லு எண்டு ஆகக்கூடாது. சந்தேகம் எண்டா இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிலயும் பரிசோதிச்சுக் குடுப்பாங்க.

மோதிரத்துக்கு வெக்கக்குள்ள கோடு விரல் நீளத்துக்கு ஓடுறமாதிரி வெக்கச் செல்லுங்க. கைய அசைக்கக்குள்ள அப்பதான் கோடு நல்லா நடக்கும்.

கொட்டாஞ்சேனை_ரவி
கோமேதகத்துக்கும் ஒரு இழை திறக்கட்டோ? கோ எண்டா பசு, மேதஸ் எண்டா கொழுப்பு எண்டு வாசிச்சன். மாட்டுக் கொழுப்பு நிறக் கல்லாம். அதையும் குடைவம்.

பேருவளை_நானா
தெறங்க மகன், நானும் வாறன். ஆனா இரத்தினபுரிப் பக்கம் கோமேதகம் எண்டு விக்கிறதுல ஹெசோனைட் எது, சிர்க்கோன் எது எண்டு பிரிக்கிறதுக்கே பத்துப் பக்கம் போகும்.

மட்டுறுத்துநர்
புதிய இழையில் தொடருங்கள். இதைப் பூட்டவில்லை, வைடூரியம் பற்றி இன்னும் எழுத இருப்பவர்கள் எழுதலாம்.